பழைய காரின் அடையாளத் தகட்டை வாசிக்க முடியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில், மூலையில் தூசி பிடித்துக் கிடந்த மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் பீட்டிலும் கொழும்பு வீதிகளுக்குத் திரும்பி வந்தன. அவற்றை வாங்கியவர்களும், வீட்டில் இருந்ததைத் திருத்தத் தொடங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது பொனட்டுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னத் தகட்டைப் பற்றித்தான். வெள்ளவத்தையில் 1960ஆம் ஆண்டு மைனர் ஒன்றை நீண்ட காலமாக ஓட்டி வருகிறேன். அதன் தகட்டால் நானும் நிறைய அலைந்திருக்கிறேன். எனக்கு வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தந்திருக்கிறேன்.

"அடையாளத் தகடு எண்டு சொல்றது நம்பர் பிளேட்டையா?"

இல்லை. நம்பர் பிளேட் என்பது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுத்த பதிவு இலக்கம். ஆங்கில எழுத்தோடு வந்தாலும், ஸ்ரீயோடு வந்தாலும், அது இந்த நாட்டுக்குள் வந்த பிறகு காருக்குக் கிடைத்த இலக்கம். அடையாளத் தகடு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. அதில் செசி இலக்கம், அதாவது கம்பனி அந்த ஒரு காருக்கு மட்டும் கொடுத்த இலக்கம், இருக்கும். சில கார்களில் என்ஜின் இலக்கமும், மாதிரியையும் பெயிண்டையும் குறிக்கும் எழுத்துகளும் சேர்ந்திருக்கும். நாம் 'புத்தகம்' என்று சொல்லும் பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கமும் காரில் உள்ளதும் ஒன்றாக இருந்தால்தான் அந்தப் புத்தகம் அந்தக் காருக்கு உரியது.

இன்றைய கார்களில் எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் இருக்கும். அந்த முறை 1980களின் தொடக்கத்தில்தான் பரவியது. அதற்கு முந்திய கார்களின் இலக்கம் குட்டையாகத்தான் இருக்கும், ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு முறை. ஆகவே உங்கள் மைனரின் இலக்கத்தை இணையத்தில் போட்டு 'பிழையான இலக்கம்' என்று வந்தால் பயப்பட வேண்டாம்.

"அது காரில எந்த இடத்தில இருக்கும்?"

மைனரில் பொனட்டைத் திறந்தால் பின்பக்கம் தெரியும் பயர்வோலில், அதாவது என்ஜினையும் ஆள் இருக்கும் பகுதியையும் பிரிக்கும் சுவரில். பீட்டிலில் முன் டிக்கியில், ஸ்பேர் வீலுக்குப் பின்னால். பென்ஸ் 123 வகையில் தகட்டை விட முக்கியமானது, பயர்வோலின் மேல் உலோகத்திலேயே அடித்திருக்கும் இலக்கம்.

பீட்டில்காரர்கள் பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். காரின் நடுவில் நீளமாக ஓடும் மேடான பகுதியான டனலின் மேல் அதே செசி இலக்கம் நேராக அடிக்கப்பட்டிருக்கும். முன்னால் உள்ள தகடு முழுதாக அழிந்திருந்தாலும் இது இருந்தால் உங்கள் கவலை முக்கால்வாசி தீர்ந்தது. ஆனால் பீட்டிலின் பெட்டரி இருப்பதும் அதே பின் சீட்டுக்குக் கீழேதான். அதனால் அந்த இடம் அடிக்கடி துருப்பிடித்திருக்கும். கீறிச் சுரண்ட வேண்டாம், கீழே சுத்தம் செய்யும் முறையைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

"அம்பது அறுபது வருசம் இருந்த எழுத்து எப்படி அழியுது?"

கொழும்பில் முதல் காரணம் கடல் காற்று. காலி வீதிக்குக் கடல் பக்கமாகக் காரை நிறுத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பல தகடுகள் அலுமினியம், அவை ஏறி இருக்கும் உடம்போ இரும்பு. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். தகட்டின் விளிம்பில் வெள்ளைப் பொடி போலப் பூத்திருப்பது அதுதான்.

அடுத்தது பெட்டரி. மைனரில் பெட்டரி பயர்வோலை ஒட்டிய தட்டில் இருக்கிறது, தகடும் அந்தச் சுவரில்தான். பல வருடம் அசிட் ஆவி பட்டால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கிவிடும். பிரேக் ஒயில் பாத்திரம் பொனட்டுக்குள் இருக்கும் கார்களில் அந்த ஒயில் கசிந்து பெயிண்டை உரித்துவிடும்.

ஆனால் நான் பார்த்த தகடுகளில் அதிகம் கெட்டது மனிதக் கையால். டிங்கரிங் பெயிண்டிங் வேலைக்குக் கொடுக்கும்போது தகட்டைக் கழற்றாமலே மேலால் ஸ்பிரே அடிப்பார்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அப்படி அடித்தால் எழுத்தின் பள்ளம் நிரம்பிவிடும். இது ஒன்றுதான் நல்ல செய்தியும் கூட. பெயிண்டால் மூடிய இலக்கம் அழியவில்லை, கீழே அப்படியே இருக்கிறது.

"சரி, எதால துடைக்கிறது? குத்துவிளக்குத் துலக்கிற மாதிரி புளி போடலாமா?"

புளி, தேசிக்காய், பித்தளைப் பொலிஷ், மண் கடதாசி, கம்பித் தூரிகை எதுவுமே வேண்டாம். புளியும் தேசிக்காயும் அமிலம். பொலிஷ் தேய்க்கத் தேய்க்க உலோகத்தை எடுத்துவிடும். பல தகடுகளில் இலக்கத்தின் ஆழம் ஒரு நகக் கீறல் அளவுதான்.

தொடுவதற்கு முன் படம் எடுங்கள். நேராக ஒன்று, பக்கங்களில் இருந்து நாலைந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. பிறகு இளம் சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து, குழந்தைகளின் மென்மையான பல் தூரிகையால் மெதுவாகத் தேயுங்கள். ஒயில் பிசுக்கு என்றால் பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மறுபடி சவர்க்காரத் தண்ணீர். பெட்டரி அசிட் பட்ட இடத்துக்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஒருமுறை தடவி உடனே கழுவிவிடுங்கள். பெயிண்ட் மூடியிருந்தால் மட்டும் தின்னர், அதுவும் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில், ஒரு ஓரத்தில் சோதித்த பிறகு. சில தகடுகளில் எழுத்தின் பின்னணி நிறமே அச்சிட்டது. தின்னர் அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

என் காரைப் பெயிண்ட் வேலைக்குக் கொடுத்தபோது ஒரு கராஜில் பயர்வோலைத் தேய்த்த பையன் அதே மண் கடதாசியால் தகட்டையும் தேய்த்துவிட்டான். அவனிடம் சொல்லாதது என் பிழை. மாலையில் போய்ப் பார்த்தபோது கடைசி ஐந்து இலக்கத்தில் ஒன்று மங்கிப்போய் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட மனம் வரவில்லை. அதனால்தான் கேட்கிறவர் எல்லாரிடமும் சொல்கிறேன்: கராஜுக்குக் கொடுக்கும் முன் தகட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பாஸிடம் வாயாலும் சொல்லுங்கள்.

"கழுவியாச்சு. ஆனா இன்னும் பாதி நம்பர் தெரியேல்லை. வேற வழி இருக்கா?"

இருக்கிறது. எதற்கும் காசு தேவையில்லை.

முதலில் வெளிச்சம். இரவில் அல்லது கராஜ் கதவைச் சாத்திவிட்டு, டோர்ச்சைத் தகட்டோடு கிட்டத்தட்டப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பள்ளத்தின் ஒரு கரை வெளிச்சமாகவும் மறுகரை நிழலாகவும் விழும். நேராக அடித்த வெளிச்சத்தில் வெறும் தகடாகத் தெரிந்தது இப்படிப் பார்த்தால் எழுத்தாகத் தெரியும். நாலு பக்கத்தில் இருந்தும் அடித்து நாலு படம் எடுங்கள். பிறகு போனிலேயே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கூர்மையைக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்து, பள்ளிக்கூடத்தில் காசுக் குற்றியின் மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே வேலை. மெல்லிய கடதாசி, மெதுவான பென்சில், அழுத்தாமல் தேய்க்க வேண்டும். அது சரிவராவிட்டால் முகப் பவுடரைத் தடவி மேலால் மட்டும் துடையுங்கள், பள்ளத்தில் பவுடர் நிற்கும். சமையல் அலுமினியத் தாளை வைத்து அழிறப்பரால் அழுத்தி எடுத்தாலும் அச்சு வரும்.

கடைசியாக, தகட்டின் முதுகு. பஞ்ச் எனப்படும் இரும்பு அச்சை வைத்து அடித்த மெல்லிய தகட்டில் இலக்கம் பின்பக்கம் புடைத்திருக்கும், இடம் வலம் மாறி. முன்பக்கம் எவ்வளவு தேய்ந்தாலும் முதுகை யாரும் தேய்ப்பதில்லை. ஆனால் அதைப் பார்க்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். அதை நீங்களாகச் செய்ய வேண்டாம். ஏன் என்பதை, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் இருக்கும் நாரஹேன்பிட்டி பற்றிய கேள்வியில் சொல்கிறேன். பயர்வோலுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பல் வைத்தியர் கண்ணாடி போல ஒரு சின்னக் கண்ணாடியை நுழைத்துப் பார்க்கலாம்.

"இது 3 ஆ, 8 ஆ? ஆளாளுக்கு ஒண்டு சொல்லினம்."

3உம் 8உம், 1உம் 7உம், 5உம் 6உம் எல்லாருக்கும் குழம்பும். பத்துப் பேரிடம் கேட்பதை விட, அதே தகட்டில் தெளிவாக உள்ள இன்னொரு 3ஐயோ 8ஐயோ தேடி, இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே பஞ்ச் அச்சால் அடித்தது என்றால் வளைவு ஒரே மாதிரி இருக்கும்.

அப்புறம், இலக்கத்துக்குள் இருக்கும் ஒழுங்கைப் பயன்படுத்துங்கள். பீட்டிலில் 1965 மாதிரியில் இருந்து 1969 வரை ஒன்பது இலக்கம். முதல் இரண்டு வகையைச் சொல்லும், மூன்றாவது மாதிரி ஆண்டின் கடைசி இலக்கம். 115 என்று தொடங்கினால் 1965, 118 என்றால் 1968. அந்த மூன்றாவது இடத்தில் 3 வரவே வழியில்லை, ஆகவே 3 போலத் தெரிவது 8தான். 1970 மாதிரியில் இருந்து பத்து இலக்கம்.

பிந்திய மைனர்களில் எம்.ஏ.2எஸ்5 போன்ற ஒரு முன்னொட்டு வரும். எம் என்றால் மொரிஸ், ஏ என்பது ஏ-சீரிஸ் என்ஜின், 2எஸ் என்பது இரண்டு கதவு சலூன், கடைசி இலக்கம் சீரிஸ். 948 சிசி காருக்கு 3, 1098 சிசி காருக்கு 5. உங்கள் தகட்டில் 3ஆ 5ஆ என்ற சந்தேகம் அந்த இடத்தில் வந்தால் காரின் ஆண்டே பதில் சொல்லிவிடும். ஆனால் தொடர் இலக்கத்தின் நடுவில் வரும் சந்தேகத்துக்கு இந்த வழி உதவாது. அங்கே ஊகித்து எழுதாமல் இரண்டு சாத்தியத்தையும் குறித்து வையுங்கள்.

"புத்தகத்தில இருக்கிற நம்பரைப் பார்த்து நிரப்பினா முடிஞ்சுதே?"

அப்படிச் செய்தால் நீங்கள் எதையும் சரிபார்க்கவில்லை. புத்தகம் சரியா என்று கேட்கத்தான் தகட்டைப் பார்க்கிறோம். தகட்டைப் புத்தகத்தில் இருந்து வாசித்தால் கேள்வியே இல்லாமல் போய்விடுகிறது.

பழைய பதிவுகள் கையால் எழுதப்பட்டவை. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் ஓர் இலக்கம் மாற வாய்ப்பு உண்டு, முன்னொட்டு எழுத்தை விட்டுவிட்டு எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கொட்டாஞ்சேனைக்காரரின் ஒஸ்டினில் தகடு தெளிவாக இருந்தது, புத்தகத்தில்தான் 1க்குப் பதில் 7. அவர் தகட்டைத்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார். முதலில் உலோகத்தை வாசித்து எழுதுங்கள், அதற்குப் பிறகு புத்தகத்தைத் திறவுங்கள்.

"என்ஜின் நம்பர் நல்லாத் தெரியுது. அதை வச்சு செசி நம்பரை எடுக்க ஏலுமா?"

அது முதலில் வந்த என்ஜினாக இருந்தால் பெரிய உதவி. மைனரில் டைனமோவுக்கு மேலே, பிளொக்கில் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். பீட்டிலில் டைனமோ நிற்கும் தாங்கிக்குக் கீழே கிராங்கேசில் அடித்திருக்கும். ஆனால் நம் நாட்டில் என்ஜின் மாற்றாத மைனரைக் காண்பது குறைவு. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எடுத்த வேறு என்ஜின் ஓடிக்கொண்டிருக்கலாம். 1960ஆம் ஆண்டுக் காரில் 10எம்.ஏ என்று தொடங்கும் என்ஜின் இருந்தால் அது பிறகு ஏறிய 1098 சிசி. 948க்கு 9எம் என்று தொடங்கும்.

தொழிற்சாலை ஏடுகள் இன்னும் பாதுகாக்கப்படுகின்றன. இங்கிலாந்தில் கெய்டன் என்ற இடத்தில் உள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், மொரிஸ், ஒஸ்டின், எம்.ஜி போன்ற கார்களுக்குக் கட்டணம் பெற்று ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருகிறது. ஃபோக்ஸ்வாகனுக்கு ஜெர்மனியில் பிறப்புச் சான்றிதழ் என்றே பெயர். ஃபியட்டுக்கு இத்தாலியின் டூரின். பென்ஸ் கார்களுக்கு என்ஜின், கியர்பொக்ஸ், பெயிண்ட் எல்லாம் எழுதிய டேட்டா கார்ட் உண்டு.

இந்த ஏடுகளைச் செசி இலக்கத்தைக் கொண்டுதான் தேடுவார்கள். ஆகவே 3ஆ 8ஆ என்று நீங்கள் குறித்து வைத்த இரண்டு சாத்தியத்தையும், என்ஜின் இலக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். என் காருக்கு அப்படித்தான் செய்தேன். 3 உள்ள இலக்கத்துக்கு எதிரே என் என்ஜின் இலக்கமும், அனுப்பிய இடம் சிலோன் என்றும் இருந்தது. அந்தக் கடதாசி இப்போதும் புத்தகத்தோடுதான் இருக்கிறது.

"புதுத் தகடு ஒண்டு அடிச்சுப் பூட்டினா யாருக்குத் தெரியும்?"

எழுத்துக் கொத்தும் கடையில் கேட்டால் அரை மணித்தியாலத்தில் அடித்துக் கொடுப்பார்கள் என்பது உண்மைதான். செய்யாதீர்கள். நீங்களாக இலக்கம் அடித்த தகட்டைக் காரில் பூட்டிய கணத்தில், உண்மையான காரே சந்தேகத்துக்கு உரிய கார் ஆகிவிடுகிறது. வாசிக்க முடியாத பழைய தகடு என்றால் கார் பழசு என்று பரிசோதகர் புரிந்துகொள்வார். அதே இடத்தில் புதிதாக அடித்த தகட்டைக் கண்டால் அதை மாற்றிய ஆள் யார் என்றுதான் கேட்பார். உங்கள் எண்ணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதை நிரூபிக்க வழி இருக்காது.

இலக்கம் அடிக்காத வெற்றுத் தகடுகள் வெளிநாட்டில் உதிரிப்பாகமாக விற்கிறார்கள். திணைக்களம் எழுத்தில் அனுமதித்த பிறகு அதை வாங்கிப் பூட்டலாம். அப்போதும் பழைய தகட்டை எறியாமல் ஒரு கடித உறையில் போட்டு, படங்களோடு புத்தகத்துடன் வையுங்கள்.

"நாரஹேன்பிட்டிக்குப் போனா காரைப் பிடிச்சு வச்சிருவாங்களோ எண்டு பயமா இருக்கு."

மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். உங்கள் காரைப் போலவே அதுவும் அந்தக் காலத்தது. மங்கிப்போன தகட்டோடு வந்த முதல் ஆள் நீங்கள் இல்லை. பரிசோதகர் முன் மறைத்து வைத்த காரியம்தான் ஆபத்து, நீங்களே கொண்டுபோய்க் காட்டுவது அல்ல.

போகும்போது புத்தகம், அடையாள அட்டை, வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, எடுத்த படங்கள், பென்சில் அச்சு, ஹெரிட்டேஜ் சான்றிதழ் இருந்தால் அதுவும், நடந்ததை எழுதிய சத்தியக்கடதாசி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். முதல் நாள் காரில்லாமல் போய், எந்தக் கவுண்டர், என்ன கடதாசி என்று கேட்டு வருவது நல்லது. என்ஜினோ நிறமோ மாறியிருந்தால் அதையும் அப்போதே பதிந்துவிடுங்கள்.

தகட்டைக் கழற்ற வேண்டாம் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். தொழிற்சாலை ஆணி இருக்கும் இடத்தில் இருப்பதே ஒரு சாட்சி. கழற்றிவிட்டுப் போனால் அந்தச் சாட்சி இல்லை. முதுகைப் பார்க்க வேண்டும் என்றால் பரிசோதகர் சொல்லிய பிறகு, அவர் முன்னால் கழற்றுங்கள்.

"யூடியூபில ஒருத்தர் அசிட் ஊத்தி அழிஞ்ச நம்பரை எடுக்கிறார். நானும் செய்து பார்க்கவா?"

அவர் காட்டுவது பொய் இல்லை. பஞ்ச் அடிக்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகிவிடும். மேலே தேய்த்து மட்டமாக்கினாலும் அந்த இறுகிய பகுதி கீழே இருக்கும். பொருத்தமான இரசாயனம் பட்டால் அது சுற்றியுள்ள உலோகத்தை விட வேறு வேகத்தில் கரையும், எழுத்து சற்று நேரம் நிழல் போல மேலே வரும்.

ஆனால் இரும்புக்கு வேறு திரவம், அலுமினியத்துக்கு வேறு திரவம். தவறினால் மிச்சம் இருந்ததும் போய்விடும். இந்தப் பரிசோதனையை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் செய்கிறது. தேவை என்று பொலிஸோ நீதிமன்றமோ கருதினால் அங்கே அனுப்புவார்கள். நீங்கள் முன்பே அசிட் ஊற்றியிருந்தால் அவர்களுக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

"தகடே இல்லாத கார் ஒண்டு. ஓபன் பேப்பராம், விலை மலிவு. வாங்கலாமா?"

ஓபன் பேப்பர் என்றால், புத்தகத்தில் பெயர் மாற்றாமல், முன்பே கையெழுத்து வைத்த கடதாசியோடு கை மாறும் கார். பதிவு உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்து வைக்காமல், தகடும் இல்லாமல் இருந்தால் வாங்காதீர்கள். பழுதாய்ப்போன ஒரு காரின் புத்தகத்தை மட்டும் வைத்து இன்னொரு உடம்பை விற்கும் வேலை நம் ஊரில் நடக்கிறது. விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

உண்மையிலேயே பயர்வோல் உக்கி மாற்றியிருக்கலாம், அதோடு தகடும் போயிருக்கலாம். மைனரின் உடம்புப் பகுதிகளை 1990களில் காலி நகரில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள், அப்படித் திருத்திய கார்கள் நேர்மையானவை. ஆனால் அதை விற்கிறவர்தான் படத்தோடும் பற்றுச்சீட்டோடும் காட்ட வேண்டும். பணம் கொடுக்கும் முன் இருவருமாகத் திணைக்களத்துக்குப் போய்ப் பரிசோதிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். 'நாளைக்கு, நாளைக்கு' என்று இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

"தகடு பளிச்செண்டு இருக்கு, புத்தகத்தோடயும் சரி. ஆனா ஏதோ சரியில்லாத மாதிரி..."

அந்த உணர்வை மதியுங்கள். சுற்றி எல்லாம் பழுப்பேறி இருக்க, தகடு மட்டும் புதிது போல மின்னினால் ஆணிகளைப் பாருங்கள். நடுவில் ஓட்டை தெரியும் பொப் ரிவெட் என்றால் ஒருமுறை கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அது மட்டும் குற்றத்துக்கு அடையாளம் இல்லை, பெயிண்ட் அடிக்கக் கழற்றியிருக்கலாம். தகட்டுக்குக் கீழே பழைய ஓட்டைகள் வேறு இடத்தில் இருந்தாலும், இலக்கங்களின் வரிசை கோணி ஆழம் மாறி மாறி இருந்தாலும், அதே மாதிரிக் காரின் உண்மையான தகடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். பழைய கார்க் கிளப்புகளில் இருப்பவர்கள் மகிழ்ச்சியோடு பொனட்டைத் திறந்து காட்டுவார்கள்.

"83 இல வீட்டோட கடதாசி எல்லாம் எரிஞ்சு போச்சு. கார் மட்டும் வேற இடத்தில நிண்டு தப்பிச்சுது. தகடும் வாசிக்க ஏலாது. அப்பாவும் இல்லை. இனி ஒண்டும் செய்ய ஏலாதோ?"

ஏலும். இந்தக் கேள்வியை ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கும்.

உங்கள் வீட்டுப் பிரதி எரிந்தாலும் திணைக்களத்தில் அந்தக் காருக்கு ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறக்கும் சாவி பதிவு இலக்கம். நம்பர் பிளேட் காரில் இருந்தால் அது போதும். மாற்றிவிட்டார்கள் என்றால் பழைய குடும்பப் படங்களைத் தேடுங்கள். கலியாணத்துக்கு அலங்கரித்த கார், நல்லூருக்குப் போகும் வழியில் நிறுத்திய கார், எங்காவது இலக்கம் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களின் அல்பத்தையும் கேளுங்கள். பிறகு பொலிஸ் முறைப்பாடு, சத்தியக்கடதாசி, அப்பாவின் மரணச் சான்றிதழ், வாரிசுரிமைக் கடதாசிகள். வாரிசுரிமை விஷயத்துக்கு ஒரு சட்டத்தரணியை வைத்துக்கொள்ளுங்கள், அதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

கோப்பில் செசி இலக்கம் கிடைத்த பிறகு, மேலே சொன்ன டோர்ச், பென்சில் முறையில் தகட்டில் எத்தனை இலக்கம் ஒத்துப்போகிறது என்று எழுதுங்கள். நான் கூடப் போன ஒரு குடும்பத்துக்குத் தகட்டில் நாலு இலக்கம்தான் தெரிந்தது. பதிவு இலக்கம் கிடைத்தது டொரொண்டோவில் அத்தை வைத்திருந்த ஒரு படத்தில், வீட்டு வாசலில் கார், அதன் மேல் சாய்ந்தபடி அப்பா. கோப்பில் இருந்த இலக்கத்தோடு அந்த நாலும் அதே இடத்தில் அதே வரிசையில் ஒத்துப்போயின. புத்தகத்தின் பிரதி கைக்கு வந்த அன்று அவர்கள் காரை நேரே அம்மாவிடம்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள்.